புதன்கிழமைப் பாட்டுக்காரி

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் கழித்துத்தான் என் மனைவி பாடி நான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் தற்செயலாக.

அவள் ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எனக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் வேலை. புதன்கிழமைகளில் வீட்டிலிருந்தே பார்ப்பேன். அன்று அவள் வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் மத்தியானம் காரை வாரண்ட் என்கிற தகுதிச் சோதனைக்காக நியூ லின்னுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால், போகிற வழியில் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று இல்லத்துக்குள் நுழைந்தேன். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. உள்ளே கூடத்திலிருந்து பியானோ சத்தம் கேட்டது. அதோடு ஒரு பெண்ணின் குரல்.

மெதுவான பாட்டு. போன நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ரேடியோவிலும் நடனக் கூடங்களிலும் ஒலித்து, கப்பலேறி இந்த நியூசிலாந்துத் தீவுகள் வரைக்கும் வந்து சேர்ந்த பாட்டுகளில் ஒன்று. இந்த ஊரில் எண்பதைத் தாண்டியவர்களுக்கு அவையெல்லாம் மனப்பாடம். குரல் தாழ்ந்திருந்தது. காதோரம் பேசுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனது. யாரோ வெள்ளைக்காரப் பெண்மணியை வரவழைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவோரம் எட்டிப் பார்த்தேன்.

என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நீலச் சீருடை, நெஞ்சில் தலைகீழாகக் குத்திய நர்ஸ் கடிகாரம், காலில் அந்தத் தடித்த வெள்ளை ஷூ. ஒரு கையைப் பியானோமேல் வைத்திருந்தாள். வாசித்தவர் நெட்டையான கிழவர். கம்பளிச் சட்டை, பளபளவென்று தேய்த்த கறுப்பு ஷூ. அவர் விசைப்பலகையைப் பார்க்கவே இல்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு எடுத்தால் அவர் விரல்கள் காத்திருந்தன.

நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. சாவியை வரவேற்பு மேசையில், அவள் பெயர் எழுதிய தபால் தட்டில் போட்டுவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் இருந்தது சந்தோஷம் இல்லை.

அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாடுகிறவன் நான். திருச்சியில் கல்லூரி நாளிலிருந்தே மெல்லிசைக் குழுவில் இருந்தவன். ஆக்லாந்து வந்த பிறகும் பொங்கல், தீபாவளி என்று எந்தத் தமிழ் நிகழ்ச்சியானாலும் பாபடோயிட்டோய் பக்கத்து ஏதாவது ஒரு ஹாலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊர்த் தமிழர்களில் பாதிப்பேருக்கு என் பெயர் தெரியாது. 'பாட்டுக்காரர்' என்றால் தெரியும். என் மனைவி இரண்டாவது வரிசையில் என் வெந்நீர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெண் பார்க்கப் போனபோது என் அம்மா, "பொண்ணு பாடுமா?" என்று கேட்டதற்கு, அவள் தலையை ஆட்டி, "எனக்கு வராதுங்க" என்றாள். அதை நான் இருபத்தோரு வருஷமாக நம்பியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள், மகளின் பள்ளிக்கூட மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினாள்.

"இன்னைக்கு வேலை எப்படிப் போச்சு?" என்றேன்.

"எப்பவும் போலதான்."

அடுத்த புதன்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வாரம் என்னால் பொறுக்க முடியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம், "நீ பாடுவியாமே?" என்று கேட்டேன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரி.

அவள் குழாயை மூடினாள். முகத்தில் பிடிபட்ட பாவனை ஒன்றும் இல்லை. கொஞ்சம் வெட்கம் மட்டும்.

"மாத்திரை வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறப்ப முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். ஆறு வருஷமா வாராவாரம் கேக்கிற பாட்டுங்க, தன்னால வந்துடுச்சு. பியானோ வாசிக்கிற பெரியவர் ஒருத்தர், பதினாலாம் நம்பர் ரூம்ல இருக்கார். அவர் காதுல விழுந்துடுச்சு. வந்து பாடுன்னார். எனக்கு வராதுன்னேன். விடல."

"வராதுன்னுதானே என்கிட்டயும் சொன்ன?"

"ஸ்கூல்ல பிரார்த்தனைப் பாட்டுக்கு மிஸ் என்னைக் கடைசி வரிசைல நிறுத்துவாங்க. ஆம்பளைக் குரலு, சத்தம் வரக்கூடாது, வாயை மட்டும் அசைன்னு சொல்லுவாங்க. அப்படியே பழகிடுச்சு." ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "இவர் என்ன பண்ணார் தெரியுமா? பாட்டை ஆரம்பிச்சார், எனக்கு எட்டல. நிறுத்திட்டார். இன்னும் கீழ போலாமான்னு கேட்டார். போனார். இன்னும் கீழயான்னார். எனக்கு வசதியா இருக்கிற இடம் வர்ற வரைக்கும் இறங்கி வந்தார். என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதே இல்லீங்க."

எனக்குச் சுருதி தெரியும். மேடைப் பெண்கள் ஐந்து கட்டைக்குக் குறைந்து பாடி நான் கேட்டதில்லை. இவள் குரல் இரண்டு கட்டையில் இருந்தது. நான் பாடுவது ஒன்றரை. பக்கத்துப் பக்கத்து அறையில் இருவரும் இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம். அந்தக் கதவைத் தட்டியவர் ஒரு எண்பத்தாறு வயது வெள்ளைக்காரர், பகலெல்லாம் பிளம்பராக இருந்துவிட்டுச் சனிக்கிழமைகளில் நடனக் கூடத்தில் வாசித்தவர். அந்த எண்ணம் வந்ததும் எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

அதன்பின் வீட்டில் அவர் பேச்சுதான். "அவர் சொன்னார்" என்றுதான் வாக்கியங்கள் தொடங்கின. வரி முடிவில் குரலை இழுக்காதே, சொல் முடிந்தால் விட்டுவிடு என்று அவர் சொன்னார். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வா, கேட்கிறவர்கள் ஏங்கட்டும் என்று அவர் சொன்னார். சோகமான வரியைச் சிரித்தபடி பாடு என்று அவர் சொன்னார். சேர்ந்து ரயிலேறுகிற காலைகளில் அவள் காதில் ஒயர் இருக்கும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைப்பாள். ஒருநாள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"புதுசா இருக்கே," என்றேன்.

"பெரியவங்களுக்குப் பார்க்க நல்லா இருக்கும்," என்றாள்.

நானும் அந்தப் பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்தேன். திருடன் போல, காரில் மட்டும். அமைப்பு எளிமைதான். நாலு வரி, அதே மெட்டில் இன்னொரு நாலு வரி, பிறகு வேறொரு ஊருக்குப் போய்வருவதுபோல் ஒரு நடுப்பகுதி, மறுபடி முதல் மெட்டு. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று நிமிஷமும் ஒருத்தி ஒருத்தனிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். நிலா என்கிறாள், மழை என்கிறாள், நீ இல்லாத நகரம் என்கிறாள். வரிக்கு வரி 'யூ'. என் மனைவி யாரைப் பார்த்து அந்த 'யூ'வைச் சொல்கிறாள் என்பதுதான் என்னை அரித்தது.

ஒருநாள் அவள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். "அந்தப் பாட்டுல வர்ற யூவைத் தமிழ்ல சொன்னா நீயா, நீங்களா?"

அவள் யோசிக்கவே இல்லை. "நீதான். நீங்கன்னா பாட்டு அங்கயே நின்னுடுமே."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை நீ என்று கூப்பிட்டதில்லை. சண்டையில்கூட இல்லை.

என் மகள் மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலேயே, "அப்பா, யூ ஆர் ஸோ ஜெலஸ்," என்றாள். அவளை அதட்டினேன். அதட்டலில் உறுதி இல்லாதது எனக்கே கேட்டது.

ஒரு புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராகவே போனேன். மனைவிக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கூடத்தில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், அங்கே பராமரிப்பு வேலை பார்ப்பவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார்.

"நீங்கள்தானே அவாவின்ர மனுசன்? வாங்கோ, இருங்கோ. உங்கட மனுசி என்னமாப் பாடுறா! நாங்கள் வேலையை விட்டிட்டு வந்து நிண்டு கேக்கிறனாங்கள். நீங்கள் இதுவரைக்கும் கேக்கேல்லையோ?"

"வீட்டுல பாடமாட்டா," என்றேன்.

"ஓமோ?" என்றார். அந்த ஓமோவில் இருந்த இரக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அன்று நானும் ஒரு பாட்டுப் பாடுகிறேன் என்று நானாகவே சொன்னேன். இரண்டு வாரமாக மோட்டார்வேயில் காரோட்டும்போது பயிற்சி செய்து வைத்திருந்தேன். பியானோக்காரர் சந்தோஷமாகத் தலையசைத்துச் சுருதி கேட்டார். பாடினேன். குரல் நன்றாகவே இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே வந்தது. சும்மா நிற்க வேண்டிய சுரத்தை அசைத்தேன், ஒரு சொல்லை வளைத்து வளைத்து மேலே கொண்டுபோனேன், கடைசி வரியை நீட்டி, கையை உயர்த்தி முடித்தேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டியம்மாள், காது மந்தம் போல, உரக்கச் சொன்னார்: "ரொம்ப அழகு, கண்ணா. நர்ஸ் இன்னைக்குப் பாடுவாளா இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேநீரின்போது பியானோக்காரர் என் தோளில் கை வைத்தார். "நல்ல குரல் உனக்கு, நண்பா. ஆயிரம் பேர் இருக்கிற ஹாலுக்குப் பாடுகிறாய். அவள் ஒரே ஆளுக்குப் பாடுகிறாள். இந்தப் பாட்டுகளுக்கு அதுதான் வேண்டும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அந்த 'ஒரே ஆள்' மட்டும்தான் காதில் விழுந்தது.

திரும்பும்போது மழை. லிங்கன் ரோட்டில் கார்கள் நகரவே இல்லை. வைப்பர் போய்ப் போய் வந்தது. நான் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"நீ யாரை நினைச்சுப் பாடுற?"

அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"இத்தனை வருஷம் உங்க பாட்டுக்குக் கை தட்டியிருக்கேன். ஒருநாளாவது உங்களை இந்தக் கேள்வி கேட்டிருக்கேனா?"

"நான் பாடுறது சினிமாப் பாட்டு. மேடை. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"டூயட் பாடுவீங்களே, அந்தப் பல் டாக்டர் வீட்டம்மாவோட. வருஷா வருஷம். ஒரே மைக்குல ரெண்டு பேரும். அவங்க உங்களைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவாங்க, நீங்க சரணத்துல அவங்க பக்கம் திரும்பிச் சிரிப்பீங்க. நான் பிளாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம், என்ன பொருத்தம், என்ன பொருத்தம்னு சொல்லுவாங்க, என் காதுல விழற மாதிரி. எனக்கு எரியும். வீட்டுக்கு வந்து உங்களுக்குப் பாலைச் சூடு பண்ணிக் குடுத்துட்டுப் படுப்பேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? பாடத் தெரியாதவ பாடுறவளைப் பத்தி என்ன சொன்னாலும் ஒரே அர்த்தம்தானே."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. நான் கிளட்சை விடத் தெரியாதவன் போலத் திணறினேன், இத்தனைக்கும் எங்களுடையது கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக். அந்தப் பல் டாக்டர் மனைவியை நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. உண்மையில் அவர் சுருதி கொஞ்சம் ஏறிவிடும் என்று எனக்கு எரிச்சல்தான். அதைச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

"அப்ப நீ யாரை நினைச்சுப் பாடுறன்னு இன்னும் சொல்லல," என்றேன்.

"சொல்லமாட்டேன்," என்றாள். கோபமாக இல்லை. நிதானமாக. "அது என்னோடது. அதை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

இரண்டு மாதம் கழித்துப் பியானோக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவர் மகள் தெற்குத் தீவிலிருக்கும் நெல்சன் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் மனைவி விமான நிலையம்வரை போய் வழியனுப்பினாள். நான்தான் காரோட்டினேன். சக்கர நாற்காலியில் போர்வைக்குள் அவர் மிகச் சின்னதாகிவிட்டிருந்தார். அவள் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டினார். என்னிடமும் கைகுலுக்கினார். விரல்களில் இன்னும் வலு இருந்தது.

திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க ரேடியோவைப் போட்டேன்.

அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அவள் முணுமுணுப்பது நின்றுபோனது. ரயிலில் ஒயர் இல்லை. உதட்டுச்சாயம் இல்லை. புதன்கிழமை எப்படிப் போச்சு என்று கேட்டால், ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள், பெரியவர்கள் தூங்கிவிடுகிறார்கள் என்றாள். நான் விரும்பியது இதுதானே. ஆனால் சமையலறையில் அவள் முதுகைப் பார்க்கும்போது, யாரோ அவளை மறுபடியும் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.

நானே வாசிக்கிறேன் என்றேன். மேடைக்காக வாங்கிய கீபோர்ட் வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அந்தப் பாட்டுகளில் ஒன்றுக்குக் கார்டு என்கிற சுரக்கூட்டுகளைப் பழகினேன். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். அவள் சுடிதாரில், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முதல் வரியைப் பாடினாள். என் வீட்டுக்குள், என் மனைவியின் குரலில், அந்த 'யூ'. எனக்குக் கண் கலங்கியது. இரண்டாவது வரியில் அவள் மூச்சுக்கு நின்றாள், நான் நிற்கவில்லை. நடுப்பகுதியில் அவள் பிந்தினாள், நான் தாளத்தை அழுத்தி இழுத்தேன். பாட்டின் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"வேணாங்க."

"இன்னொரு தரம் பார்க்கலாம். பழகினா வந்துடும்."

"நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா என்னைத் துரத்துறீங்க," என்றாள். பிறகு என் தலையில் லேசாகக் கை வைத்துவிட்டு மாவாட்டப் போனாள்.

துரத்துகிறேன் என்ற சொல் பல நாள் என்னோடு இருந்தது. அலுவலகத்தில் ஜாஸ் கேட்கிற ஒரு சக ஊழியனிடம், பகல் நேரத்தில் வந்து வாசிக்கிற பியானோக்காரர் யாராவது தெரியுமா என்று விசாரித்தேன். அவன் ஒருவரைச் சொன்னான். ராத்திரிகளில் நகரத்து உணவகங்களில் வாசிக்கிறவர், பகலில் பாடம் சொல்லித் தருகிறவர், அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுகள் என்றால் உயிரை விடுவார் என்றான். நானே போன் செய்து பேசினேன். முதியோர் இல்லம் என்றதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். இல்லத்து மேலாளரிடம் அனுமதியும் நானே வாங்கினேன். என் மனைவிக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். "நீங்களா தேடினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் செய்யாமல் விட்டது ஒன்றுதான். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்கவில்லை. குரலை வைத்து அறுபது வயது என்று நினைத்துவிட்டேன்.

முதல் புதன்கிழமை அவர் வந்து இறங்கியபோது நான் வாசலில் இருந்தேன். முப்பத்தைந்து இருக்கும். ஆறடிக்குமேல் உயரம், அலையலையாக முடி, சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி. யாழ்ப்பாணத்துப் பெண் கையில் கேக் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று, "கடவுளே! இவரையோ நீங்கள் பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினார்.

நான் மூன்றாவது வரிசையில், ஒரு தாத்தாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பியானோ அருகில் நின்றாள். அவர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். பிறகு பாடினாள். பழைய பாட்டு ஒன்று, நான் கேட்டிராத புதுப் பாட்டு ஒன்று. அவள் பிந்தினாள், அவர் காத்திருந்தார். இடையில் ஒருதரம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மூடிய கண்ணுக்குள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எரிந்தது. எரிந்துகொண்டே கேட்டேன். எழுந்து போகத் தோன்றவில்லை.

முடிந்ததும் தேநீரும் லாமிங்டன் கேக்கும் கொடுத்தார்கள். புதியவர் கோப்பையோடு என் பக்கம் வந்து, மனைவியைக் காட்டி, இப்படி ஒரு குரலை இந்த ஊரில் கேட்டதில்லை என்றார். நீங்களும் பாடுவீர்களா என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை," என்றேன். "நான் அவங்க வீட்டுக்காரர்."

முழு மனதோடு சொல்லவில்லை. ஆனாலும் சொன்னேன்.